வாள் எந்த இடுப்பில்

மணி பத்தேகால். பதினொன்றுக்கு அம்பலவாணன் சித்தப்பா வந்துவிடுவார். வரட்டுமே. வந்து நிற்கட்டும், பத்திரிகையை நீட்டட்டும். 'எடுத்துக்கிட்டுப் போங்க, எங்கம்மாவை அடிச்ச கையால குடுக்கற பத்திரிகை எனக்கு வேண்டாம்.' இந்த ஒரு வாக்கியத்தை மங்கையர்க்கரசி நேற்று சாயங்காலத்திலிருந்து வாய்க்குள் போட்டு உருட்டிக்கொண்டிருக்கிறாள். குளிக்கும்போது சொல்லிப் பார்த்தாள், பஸ்ஸில் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு சொல்லிப் பார்த்தாள், நூலகத்தின் மரப்படியில் ஏறும்போது படிக்கு ஒரு சொல்லாகச் சொல்லிப் பார்த்தாள். ஒவ்வொரு தடவையும் நன்றாகத்தான் வந்தது. போன் செய்தது உமையாள், சித்தப்பாவின் ஒரே மகள், கல்யாணப் பெண்ணே அவள்தான். "அக்கா, நேர்ல வந்து வெச்சாத்தான் ஆச்சுன்னு அப்பா ஒத்தக் கால்ல நிக்கறாங்க. ஒரே ஒரு தடவைக்கா." அந்தப் பெண் மேல் என்ன கோபம், பாவம், அது பிறப்பதற்குப் பத்து வருஷம் முன்னால் நடந்த கூத்து. ஆனால் வீட்டுக்கு வரக்கூடாது. வீட்டுக் கூடத்தில் அப்பா சபேசன் படம் சந்தன மாலையோடு தொங்குகிறது, அதற்குக் கீழே அந்த மனுஷன் வந்து உட்கார்ந்து மோர் குடிப்பதா? நன்றாயிருக்கிறது நியாயம். அதனால்தான் வேலை பார்க்கும் இடத்துக்கு வரச் சொன்னாள். முப்பத்தாறு வருஷம் முகத்தில் விழிக்காதவரை ஐந்து நிமிஷம் பார்த்தால் குடி முழுகிவிடாது.

திருச்சியில் ஒரு பழைய கல்லூரி, அதன் நூலகத்து மாடியில் இந்த நீள அறை. எந்தக் காலத்திலோ ஒரு வெள்ளைக்கார ஜட்ஜ் ஊருக்குக் கப்பலேறும்போது விட்டுவிட்டுப்போன புத்தகங்கள் பதினாறு பீரோ நிறைய இருக்கின்றன. அதிலுள்ள படங்களுக்கெல்லாம் பட்டியல் போடுவதுதான் இரண்டு வருஷமாக மங்கையின் வேலை. இருநூறு வருஷத்துக்கு முந்தைய கவிதைப் புத்தகங்கள், கதைப் புத்தகங்கள். தகட்டில் உளியால் முடியளவு கோடு கோடாகக் கீறி அச்சடித்த படங்கள். அடேயப்பா, என்ன அழுகை, என்ன ஆர்ப்பாட்டம்! எந்தப் பக்கம் திருப்பினாலும் யாராவது மயங்கி விழுகிறார்கள். இடிந்த கோட்டை இருக்கும், மேல் மூலையில் நிலா இருக்கும், கூந்தல் அவிழ்ந்த ஒருத்தி இருப்பாள், அவள் காலடியில் ஒரு கடுதாசி கிடக்கும். அப்பன் மகளைச் சபிப்பான், மகள் கையைப் பிசைவாள், குதிரை கூட வெறித்துப் பார்க்கும். பக்கத்து மேஜை ஃபிலோமினா போகிற போக்கில் எட்டிப் பார்த்து, "நம்ம சீரியல்காரங்க எல்லாம் இங்கேருந்துதான் மேடம் சுட்டிருக்காங்க" என்பாள். வரலாற்றுத் துறைப் பேராசிரியர் கேட்டார் என்று பட்டியலில் 'உணர்ச்சி' என்று ஒரு கட்டம் வேறு. படத்துக்கு ஒரு சொல் எழுத வேண்டும். பயம். துயரம். அதிர்ச்சி. அதிர்ச்சிக்கு இந்தப் படக்காரர்கள் ஒரு வாய்பாடே வைத்திருக்கிறார்கள்: ஒரு கால் பின்னால், உள்ளங்கை விரிந்து முன்னால், விழி பிதுங்கி வெளியே. பார்த்த மாத்திரத்தில் எழுதிவிடலாம், யோசிக்கவே வேண்டாம். மனுஷர்கள் இப்படி முகத்திலும் கையிலும் எல்லாவற்றையும் எழுதி வைத்துக்கொண்டு அலைந்தால் எவ்வளவு சௌகரியம் என்று அவள் பல நாள் நினைத்ததுண்டு.

பத்து இருபதுக்கு அடுத்த புத்தகத்தைத் திறந்தாள். அரக்கு நிறத் தோல் அட்டை, ஓரம் கரையான் தின்றது. நாற்பத்திரண்டாம் பக்கத்துக்கு எதிரே படம். கோட்டைக்குள் ஒரு கூடம், வெளியே புயல், கீழே முழங்காலில் விழுந்த ஒருத்தி, அவளை அடிக்கக் கையை ஓங்கி நிற்கிற ஒருத்தன். அவன் முகம் தெரியவில்லை, முதுகுதான் தெரிகிறது. முகத்தைக் காட்டாமல் முதுகை மட்டும் காட்டி இவ்வளவு பயப்படுத்த முடியுமா என்று ஒரு நிமிஷம் அசந்தாள். பூதக்கண்ணாடியை வைத்துப் பார்த்தாள். ஓங்கிய கை இடது கை. பார், இவனும் நொட்டாங்கைக்காரன். இடது கையால் எழுதுகிறவர்களைப் பார்த்தாலே அவளுக்கு ஆகாது, வங்கியில், பஸ்ஸில், ஃபிலோமினாவின் தங்கை மகன் ஒருநாள் இங்கே வந்து இடது கையால் படம் வரைந்தபோது கூட எழுந்து தண்ணீர் குடிக்கப் போய்விட்டாள். ஒன்பது வயது. அம்மை போட்டிருந்தது. உள் அறையில் பாய், பாயைச் சுற்றி வேப்பிலை, உடம்பெல்லாம் தீ. மத்தியான வேளை. அடுக்களையில் பேச்சு சத்தம், அப்புறம் பேச்சில்லாத சத்தம். வெற்று முதுகு, வெள்ளை வேட்டி, ஓங்கிய நொட்டாங்கை, அம்மா சுருண்டது. அவ்வளவுதான். அப்பா, சித்தப்பா, அண்ணன் தம்பி இரண்டு பேருக்கும் ஒரே முதுகு, ஒரே வேட்டி, ஒரே உயரம். ஆனால் நொட்டாங்கை வீட்டில் சித்தப்பா ஒருத்தருக்குத்தான். சாப்பாட்டுக்கு மட்டும் தாத்தா அடித்துப் பழக்கியதில் சோத்தாங்கையை எடுப்பார், மற்றபடி கிணற்றில் இறைப்பதிலிருந்து சீப்பு பிடிப்பதுவரை எல்லாம் அந்தக் கைதான். மறுநாள் அம்மாவின் அண்ணன், மாமா, வந்துவிட்டார். தங்கச்சி காதில் ரத்தம் காய்ந்திருந்ததைப் பார்த்துவிட்டுக் கத்தினார். அம்மா, "வழுக்கி விழுந்தேண்ணே" என்றாள். சொன்னதையே சொன்னாள். அப்போது மாமா அறை வாசலில் நின்று கேட்டார்: "நீ சொல்லு கண்ணு, நீ பார்த்தியா?" பார்த்தேன். "நொட்டாங்கையால அடிச்சாங்க." கூடத்தில் எல்லாத் தலையும் சித்தப்பா பக்கம் திரும்பியது. அப்பா ஒரு சொல் சொன்னார், சத்தம் போடாமல், நிதானமாக. "புள்ள பொய் சொல்லுமா?"

அந்தச் சொல்லை வைத்துக்கொண்டுதான் அவள் வளர்ந்தாள் என்று சொல்ல வேண்டும். புள்ள பொய் சொல்லுமா. ஊரெல்லாம் பெண் பிள்ளை பேச்சு எடுபடாத காலத்தில், அப்பா தன் கூடப்பிறந்தவரை விட்டுவிட்டு இவள் சொல்லை நம்பினாரே! அன்று சாயங்காலமே சித்தப்பா தகரப்பெட்டியைத் தூக்கிக்கொண்டு இறங்கிப் போனார். வாய் திறக்கவில்லை, குற்றமுள்ள நெஞ்சு எப்படித் திறக்கும். பிறகு வந்தவர் போனவரிடமெல்லாம் அப்பா சொல்வார்: "எம் பொண்ணு கண்ணால பார்த்ததைத்தான் சொல்லுவா." பத்தாம் வகுப்பு பாஸ் செய்தபோது கைக்கடிகாரம் வாங்கிக் கொடுத்ததும் அந்தச் சொல்லோடுதான். அதுதான் அவளை இந்த மேஜைக்கே கொண்டுவந்தது, கண்ணால் பார்ப்பது, பார்த்ததை எழுதுவது. எழுதினாள். 'ஆண், முதுகு காட்டி, இடது கை ஓங்கியபடி. பெண், மண்டியிட்டு. உணர்ச்சி: பயம்.' பேனாவை மூடப் போகும்போதுதான் ஞாபகம் வந்தது, இந்தப் படத்தை ஏற்கெனவே பார்த்திருக்கிறோமே. ஒன்பதாம் பீரோ, போன மாதம். அதே புயல், அதே கூடம். எழுந்து போய் எடுத்து வந்தாள், பெரிய பதிப்பு, தங்க விளிம்பு. பக்கத்துப் பக்கத்தில் வைத்தாள். ஓங்கிய கை வலது கை.

ஓ, இதுவா! அவளுக்குச் சிரிப்பே வந்தது. இரண்டு வருஷத்தில் இது நாலாவது. தகட்டில் கீறுகிறவன் வலதை இடதாகக் கீறினால்தான் அச்சில் வலது வலதாக விழும். அதற்காக மூலப்படத்துக்கு எதிரே ஒரு கண்ணாடியை நிறுத்திக்கொண்டு, கண்ணாடியில் தெரிவதைப் பார்த்துப் பார்த்துக் கீறுவான். திருட்டுப் பதிப்புக்காரனுக்கு அந்தப் பொறுமை ஏது? அச்சான படத்தை வாங்குவான், பார்த்ததைப் பார்த்தபடியே தகட்டில் கீறுவான், அச்சடித்தால் உலகமே இடம்வலமாகப் புரண்டிருக்கும். கீழே உள்ள எழுத்தை மட்டும் எழுத்துக்கென்றே இருக்கிற ஆள் சரியாகக் கீறிவிடுவான், எழுத்து நேராக இருப்பதால் படமும் நேர் என்று நாம் நம்பிவிடுவோம். கண்டுபிடிக்க ஒரே வழிதான்: வாள் எந்த இடுப்பில் என்று பார். வலது கையால் உருவுகிறவன் இடது இடுப்பில்தான் வாள் தொங்கவிடுவான், படக்காரர்களும் வீரன் எவனானாலும் வாளை அங்கேதான் வரைவார்கள். பார்த்தாள். திருட்டுப் பதிப்பில் வாள் வலது இடுப்பில். அட மடையா, இவன் நொட்டாங்கைக்காரனே இல்லை, கண்ணாடி வைக்காததால் வந்த நொட்டாங்கை. எழுதியதை அடித்தாள். 'இடம்வலம் மாறிய நகல்' என்று எழுதினாள். 'மாறிய' என்பதில் பேனா நின்றது. கண்ணாடி. ஏதோ இடறியது. பல்லில் சிக்கிய நார் மாதிரி, நாக்கு திரும்பத் திரும்ப அங்கேயே போனது. கண்ணாடி. என்ன கண்ணாடி? ஒன்றுமில்லை, மணியைப் பார்த்தாள், பத்து முப்பத்தைந்து, வாக்கியத்தை ஒரு தரம் சொல்லிப் பார்க்கலாம், எடுத்துக்கிட்டுப் போங்க, எங்கம்மாவை அடிச்ச. அடுக்களை ஜன்னல். ஞாபகத்தில் அந்த முதுகுக்கு இடப்பக்கம் ஜன்னல், வெயில் அங்கிருந்துதான் விழுந்தது. ஆனால் அந்த வீட்டு அடுக்களையில் உள்ளே நுழைந்தால் ஜன்னல் வலப்பக்கமல்லவா? பதினெட்டு வருஷம் அந்த ஜன்னலில்தானே காபித் தம்ளர் கவிழ்த்தாள். வலப்பக்கம். வலது கையை நீட்டித்தான் கவிழ்ப்பாள். பிறகு ஏன் இடப்பக்கம் வெயில்?

நான் எங்கே படுத்திருந்தேன்? உள் அறையில். தலை எந்தப் பக்கம்? வாசற்பக்கம். அறை வாசலுக்கு நேரேதான் அடுக்களை, தலை வாசற்பக்கம் என்றால் அடுக்களை என் தலைக்குப் பின்னால். பின்னால் இருந்ததை எப்படிப் பார்த்தேன்? திரும்பிப் படுத்தேனா? திரும்ப முடியாது, முதுகெல்லாம் கொப்புளம், திரும்பினால் வேப்பிலை குத்தும் என்று அழுதது நன்றாக நினைவிருக்கிறது. எதிரே என்ன இருந்தது? எதிரே பீரோ. அம்மாவுக்குச் சீதனமாக வந்த இரும்பு பீரோ. பச்சை நிறம். கதவில் ஆளுயரக் கண்ணாடி. ஐயோ. ஐயோ. எதிரே கண்ணாடி. மங்கை இரண்டு படங்களையும் பார்த்தாள், வலது கை, இடது கை, வலது, இடது. காது அடைத்தது. மின்விசிறி ஓடுகிறது, சத்தம் இல்லை. நான் பார்த்தது கண்ணாடியில். நான் பார்த்தது கண்ணாடியில். பார்த்ததைப் பார்த்தபடியே சொன்னேன். அவள் கால் பின்னால் போகவில்லை, உள்ளங்கை விரியவில்லை, விழி பிதுங்கவில்லை. பூதக்கண்ணாடியைப் பிடித்தபடி அப்படியே உட்கார்ந்திருந்தாள். ஃபிலோமினா தேநீர் வைத்துவிட்டு, "சர்க்கரை கம்மிதான் மேடம்" என்றாள், "சரி" என்று கூடச் சொன்னாள். இருக்காது. காய்ச்சல். கனவு. முப்பத்தாறு வருஷம் கழித்து ஜன்னல் எந்தப் பக்கம் என்று யாருக்குத் தெரியும், நினைவு என்ன செதுக்கி வைத்ததா? அடித்தது சித்தப்பாதான், அவர்தானே வாயைத் திறக்காமல் போனார். இருக்காது என்று சொல்லச் சொல்ல, அம்மாவின் காது வந்து நின்றது.

அந்த அடியில் அம்மாவுக்குக் கேட்காமல் போனது இடது காது. சாகிறவரை, பேச வேண்டுமென்றால் மங்கை சுற்றிக்கொண்டு அம்மாவின் வலப்பக்கம் போவாள். கோயிலில், ஆஸ்பத்திரியில், கடைசி நாள் படுக்கையில் கூட. எதிரே நிற்கிறவளை நொட்டாங்கையால் அறைந்தால் அடி வலது காதில் விழும். சோத்தாங்கையால் அறைந்தால்தான் இடது காது போகும். இருபத்தைந்து வருஷம் அந்தக் காதைச் சுற்றிச் சுற்றி நடந்திருக்கிறாள், ஒரு நாளாவது, ஒரே ஒரு நாளாவது தோன்றவில்லையே! வாள் எந்த இடுப்பில் என்று கேட்கத் தெரிந்தவளுக்கு அம்மாவுக்கு எந்தக் காது என்று கேட்கத் தெரியவில்லையே, தூ. அப்புறம் அந்தப் புடவை. அம்மை இறங்கித் தலைக்குத் தண்ணீர் ஊற்றிய அன்றே அம்மா தன் பழைய நூல் புடவை ஒன்றை மடித்து பீரோக் கண்ணாடி மேல் தொங்கவிட்டாள். மகள் தன் முகத்துத் தழும்பைப் பார்த்து அழக்கூடாதென்று அம்மா போட்டாள் என்றுதான் மங்கை நினைத்திருந்தாள். தழும்பு ஆறிப் பத்து வருஷம் ஆன பிறகும் அந்தப் புடவை இறங்கவில்லை. அம்மாவுக்குத் தெரியும். அடி வாங்கியவளுக்குத் தெரியாதா அடித்தது யாரென்று. ஏன் சொல்லவில்லை? சொன்னால் அடுத்த அடி எங்கே விழும் என்றும் அவளுக்குத் தெரியும். சித்தப்பா போன பிறகும் அம்மா இரண்டு தடவை 'வழுக்கி' விழுந்தாள். ஒரு தடவை மணிக்கட்டு, ஒரு தடவை முன்பல். அப்போது வீட்டில் நொட்டாங்கை யாருக்கும் இல்லை. புள்ள பொய் சொல்லுமா. அடப்பாவி. அப்பா, அடப்பாவி. நீ என்னை நம்பவே இல்லை. உனக்கு உண்மை தெரியும், நம்புவதற்கு அங்கே என்ன இருந்தது? நான் தப்பாகச் சொன்னேன், நீ அதைப் பிடித்துக்கொண்டாய். படம் புரண்டிருக்க, கீழே எழுத்தை நேராகப் பொறித்தது நீதான். இன்று காலையில் கூட உன் படத்துக்குச் செம்பருத்தி வைத்துவிட்டு வந்தேனே. அந்தக் கடிகாரத்தை முள் ஓடாமல் போன பிறகும் பட்டுத்துணியில் சுற்றி வைத்திருக்கிறேனே. கை பட்டுத் தேநீர் பட்டியல் மேல் சிந்தியது, துடைக்கத் தோன்றவில்லை. பழைய புத்தகம் அருகே தேநீர் கொண்டுவரக்கூடாது என்று பலகை எழுதி மாட்டியது அவளேதான்.

"மேடம், உங்களைப் பார்க்க ஒருத்தர் வந்திருக்காங்க. மேல வரச் சொல்லிட்டேன்" என்றாள் ஃபிலோமினா. மணி பத்து ஐம்பது. பத்து நிமிஷம் முன்னாலேயே வந்துவிட்டாரா, இன்னும் பத்து நிமிஷம் இருக்கிறது என்றல்லவா நினைத்தாள். என்ன சொல்வது? வாக்கியத்தைத் தேடினாள், எங்கம்மாவை அடிச்ச கையால, எங்கம்மாவை அடிச்ச, எந்தக் கை, யார் கை. மரப்படி ஒவ்வொன்றாக முனகியது. வாசலில் நின்றவர் கிழவராகியிருந்தார். ஆனால் அதே உயரம், திரும்பி நின்றால் அதே முதுகாகத்தான் இருக்கும் என்று தோன்றியது. செருப்பைப் படியிலேயே விட்டுவிட்டு வந்திருக்கிறார், நூலகத்தில் போய் யார் செருப்பைக் கழற்றுவார்கள். துணிப்பையிலிருந்து ஒரு சின்ன எவர்சில்வர் தட்டை எடுத்து வாசலோர மேஜையில் வைத்தார், வெற்றிலை பாக்கு, மஞ்சள், ஒரு பழம், மேலே பத்திரிகை. எல்லாவற்றையும் சோத்தாங்கையாலேயே எடுத்து வைத்தார், பழக்கமில்லாத கை, பாக்கு இரண்டு தடவை உருண்டது, பிறகு தட்டைத் தூக்கி நீட்டினார். இடது கை முதுகுக்குப் பின்னால் இருந்தது. எடுக்கவே இல்லை. இந்தக் கிழவர் இவளுக்கு எதிரே அந்தக் கையை ஒளித்து வைத்துக்கொண்டு நிற்கிறார்.

"உமையாளுக்கு ஆவணி ஏழாந்தேதி முகூர்த்தம்மா. நீ வரணும்னு கட்டாயமில்ல. வெச்சுட்டுப் போயிடறேன்" என்றார். தட்டு நடுங்கியது.

மங்கை எழுந்து நின்றாள். "சித்தப்பா" என்றாள். முப்பத்தாறு வருஷம் சொல்லாத சொல். "சித்தப்பா, அன்னிக்கு நான் பார்த்தது பீரோக் கண்ணாடியில."

"தெரியும்மா" என்றார் அவர்.

"தெரியுமா?"

"அந்த பீரோவைத் தூக்கிட்டு வந்து அந்த எடத்துல வெச்சதே நான்தானே. நீ படுத்திருந்த எடத்துலேர்ந்து வேற எப்படித் தெரியும். நீ நொட்டாங்கைன்னு சொன்னதும் எனக்குப் புரிஞ்சுபோச்சு."

"அப்ப ஏன்? ஏன் சித்தப்பா சொல்லல? ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே!" குரல் உடைந்து கத்தலாகவே வந்தது. ஃபிலோமினா மேஜையிலிருந்து எழுந்து, ஒன்றும் கேட்காமல் வெளியே போனாள்.

சித்தப்பா தட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். "நெருப்பா கொதிச்சுக் கெடந்த புள்ள நீ. நான் அடிக்கலேன்னு சொன்னா அடுத்து என்னம்மா? புள்ள பொய் சொல்லுதுன்னு ஆவும். அண்ணன் கை உனக்குத் தெரியாது, எனக்குத் தெரியும். நான் போனா என்னோட போச்சு. அண்ணியைத்தான் விட்டுட்டுப் போனேன். அது தப்புதான்."

அவளுக்கு அழுகை வரவில்லை. அழுகைக்கு முன்னால் இருக்கிற ஏதோ ஒன்று நெஞ்சில் கல்லாக நின்றது. இதற்கு என்ன பெயர் போட்டு எந்தக் கட்டத்தில் எழுதுவது? அவர் தட்டை இன்னும் கொஞ்சம் முன்னால் நீட்டினார், வலது கை மட்டும், விரல்கள் வெளுத்திருந்தன, பழம் விளிம்புக்கு நகர்ந்தது.

"அந்தக் கையால வேண்டாம்" என்றாள் மங்கை.

அவர் முகம் செத்தது. தட்டைப் பின்னுக்கு இழுத்தார். "சரிம்மா. நான் வந்திருக்கக் கூடாதுதான்."

"இல்ல சித்தப்பா. பின்னாடி வெச்சிருக்கீங்களே, அந்தக் கை. அந்தக் கையால குடுங்க."

"நல்ல காரியம்மா. கல்யாணப் பத்திரிகை. நொட்டாங்கையால..."

"நொட்டாங்கையாலதான் வேணும். அதுலதான் வாங்குவேன்."

முதுகுக்குப் பின்னாலிருந்து அந்தக் கை மெல்ல முன்னால் வந்தது, சுருக்கம் விழுந்து, மோதிரம் இல்லாமல், ஒரு தப்பும் செய்யாத கை. தட்டு அந்தக் கைக்கு மாறியதும் நடுக்கம் நின்றுவிட்டது.